எய்ன் கரேமுக்கு ஒரு முழு அரை நாள்: ஆலயங்களையும் மடங்களையும் அவசரமில்லாமல் பார்க்க ஒரு வழிகாட்டி

எருசலேம் திருப்பயணத்துக்கு அச்சடிக்கப்படும் ஏறக்குறைய எல்லாத் துண்டறிக்கைகளிலும் எய்ன் கரேம் என்ற பெயர் இருக்கும். திரும்பி வந்தவர்களிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் ஒரு படிக்கட்டும் ஒரு வாசலும்தான் நினைவிருக்கும். எருசலேமின் தென்மேற்கு ஓரத்தில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர் அது. திருமுழுக்கு யோவான் பிறந்த இடம் என்றும், மரியா தம் உறவினர் எலிசபெத்தைப் பார்க்க வந்த இடம் என்றும் கிறிஸ்தவர்கள் போற்றும் ஊர். நடந்தே பார்த்துவிடக்கூடிய பரப்புக்குள் இரண்டு பிரான்சிஸ்கன் ஆலயங்கள், ஒரு ரஷ்யக் கன்னியர் மடம், சீயோன் அன்னை சகோதரிகளின் மடம், ஒரு கிரேக்க ஆலயம், ஓர் ஊற்று என அத்தனையும் இருக்கின்றன.

குழுப் பயணங்களில் இந்த ஊருக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் முக்கால் மணி நேரம். எங்களை அழைத்துச் சென்ற நிறுவனம் நண்பகல் தாண்டிக் கொண்டுபோய் இறக்கியது. கதவுகள் பூட்டியிருந்தன. இரண்டரை மணி வரை காத்திருக்க முடியாது என்று சொல்லி பஸ்ஸைத் திருப்பினார்கள். வாழ்நாள் சேமிப்பைச் செலவழித்து வந்திருந்த முதியவர்கள் வாசல் கம்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பின்னர் தனியாகப் போய் நிதானமாகப் பார்த்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஊரின் வரலாறு இதில் இல்லை.

1. ஊரைவிட முக்கியம், கிழமையும் நேரமும்

சந்திப்பு ஆலயம், திருமுழுக்கு யோவான் ஆலயம் என்ற இரண்டு பிரான்சிஸ்கன் ஆலயங்களும் காலை 8 மணிக்குத் திறக்கும், நண்பகலையொட்டி மூடும். சந்திப்பு ஆலயத்தில் 11.45க்கே கதவைச் சாத்தத் தொடங்கிவிடுவார்கள். பிறகு பிற்பகல் 2.30க்குத்தான் திறப்பு. கோடையில் மாலை 6 மணியையொட்டியும் குளிர்காலத்தில் 5 மணியையொட்டியும் மூடுகிறார்கள். உங்கள் பயணத் திட்டத்தில் எய்ன் கரேம் 11.30க்கோ 1 மணிக்கோ போடப்பட்டிருந்தால், அந்தத் திட்டத்தை எழுதியவருக்கு இந்த நேரம் தெரியவில்லை என்று பொருள்.

அடுத்தது சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி சனிக்கிழமை இருட்டும் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் எருசலேமின் டிராம் ஓடாது, நகரப் பஸ்கள் ஓடாது, விமான நிலைய ரயிலும் ஓடாது. வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே சேவை குறைந்துவிடும். ஆனால் சொந்தக் கார் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் ஓய்வைக் கழிக்க இந்த ஊருக்குத்தான் வருகிறார்கள். குறுகலான தெருக்களில் கார்கள் நெருக்கியடித்து நிற்கும். குழு பஸ்ஸில் போனாலும் சனிக்கிழமை இடைஞ்சல்தான். சந்திப்பு ஆலயத்தின் வெளிக்கதவு அன்று சாத்தியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மணியை அழுத்தினால் திறப்பார்கள்.

திங்கள் முதல் வியாழன் வரையான ஒரு நாளின் காலைப் பொழுதே என் பரிந்துரை. ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் சுற்றிப் பார்க்க வசதிப்படாது. யூதர்களின் பாவப் பரிகார நாளான யோம் கிப்பூரில் நாடே அசையாது என்பதால் செப்டம்பர் அக்டோபரில் போகிறவர்கள் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே 31 மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா, ஜூன் 24 யோவானின் பிறப்பு விழா. அந்த நாள்களில் போவது பெரும் பேறு. அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் மட்டும் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

2. விசா: பெயர் ஒத்துப்போகும் இரண்டு விண்ணப்பங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இஸ்ரேல் செல்ல பி/2 சுற்றுலா விசா கட்டாயம். 2025 ஜனவரியில் இருந்து இந்தியர்கள் இதற்கு இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். இணையத்தில் தேடும்போது ‘இடிஏ-ஐஎல்’ என்ற இன்னொன்று கண்ணில் படும். அதற்கு 25 ஷேக்கல்தான் கட்டணம், நிரப்புவதும் எளிது. அது விசா தேவைப்படாத நாட்டவருக்கானது. அதை வாங்கி வைத்துக்கொண்டு விமான நிலையம் போனால் சென்னையிலேயே நிறுத்திவிடுவார்கள். இதை நிரப்பித் தருவதாகச் சொல்லிக் கூடுதல் பணம் பறிக்கும் இடைத்தரகர் தளங்களும் உண்டு. அரசுத் தளத்தின் முகவரியா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: பயண நாளில் இருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, புகைப்படம், போகவும் வரவும் விமான முன்பதிவு, தங்குமிட உறுதிச் சீட்டு, சில மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பயணக் காப்பீடு, வேலையில் இருப்பவர் என்றால் நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், ஓய்வு பெற்றவர் என்றால் ஓய்வூதிய ஆவணம். இவற்றோடு பங்குத்தந்தை அல்லது ஆயரிடம் இருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். பங்கின் முத்திரையுடன், இன்னார் எங்கள் பங்கைச் சேர்ந்தவர், திருப்பயணமாகச் செல்கிறார் என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் இருந்தால் போதும். டெல் அவிவ் விமான நிலையத்தில், எதற்காக வந்தீர்கள் என்று கேட்கும்போது வாயால் விளக்குவதைவிட இந்தக் காகிதம் வேகமாக வேலை செய்கிறது.

கடவுச்சீட்டில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நமக்கு இதில்தான் சிக்கல் வருகிறது. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள கடவுச்சீட்டு என்றால், விமான டிக்கெட், காப்பீடு, விசா மூன்றிலும் ஒரே முறையில் நிரப்புங்கள்.

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பாவது விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை விசா கிடைக்கும் முன் வாங்க வேண்டாம். அந்தப் பகுதியின் பாதுகாப்பு நிலை சட்டென்று மாறுவது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையை முன்பதிவுக்கு முன் ஒரு முறையும் புறப்படும் வாரத்தில் ஒரு முறையும் படியுங்கள். போர்ச் சூழலால் ரத்தாகும் பயணத்துக்கு உங்கள் காப்பீடு பணம் தருமா என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள். பல காப்பீடுகள் தராது.

ஜோர்டான் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மானில் இறங்கித் தரைவழியாக எல்லை கடக்கும் திட்டங்கள் தமிழ்நாட்டில் அதிகம் விற்கப்படுகின்றன. ஒரு முறை நுழைவதற்கான ஜோர்டான் விசாவின் கட்டணம் 40 தினார். எல்லை கடக்கும் இடங்களில் ஒன்றான ஆலன்பி பாலத்தில் ஜோர்டான் அதிகாரிகள் விசா வழங்குவதில்லை. எல்லையில் வெளியேறும் கட்டணம் தனி. அது உங்கள் தொகைக்குள் அடங்குகிறதா என்று கேளுங்கள்.

3. முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள்

‘எய்ன் கரேம்: பார்வையிடல்’ என்று திட்டத்தில் இருந்தால் போதாது. சாலையில் இருந்து கோபுரத்தைக் காட்டிவிட்டு நகர்ந்தாலும் அதுவும் பார்வையிடல்தான். நேரம் அனுமதித்தால் என்ற சொற்கள் இருந்தால் அந்த இடம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் இந்த வரியை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்: சந்திப்பு ஆலயம், திருமுழுக்கு யோவான் ஆலயம் இரண்டுக்கும் உள்ளே செல்வோம், ஊரில் குறைந்தது மூன்று மணி நேரம், காலை 8.30க்குள் சென்று சேர்வோம். தர மறுப்பவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை, வேறு முகவரைப் பாருங்கள்.

குழு விசாவில் போகிறவர்கள் குழுவை விட்டுப் பிரிந்து சுற்ற முடியாது. அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் ஊரில் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். பேசும்போது தனியாளாகப் பேசாதீர்கள். பங்கில் இருந்து நான்கு குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் திட்டம் மாறும்.

4. மானியத்துக்கான காகிதங்களைப் புறப்படும் முன்பே திட்டமிடுங்கள்

கிறிஸ்தவர்களின் ஜெருசலேம் புனிதப் பயணத்துக்குத் தமிழ்நாடு அரசு மானியம் தருகிறது. 2024-25 அறிவிப்பின்படி 550 பேருக்குத் தலா 37,000 ரூபாய், 50 அருட்சகோதரிகளுக்குத் தலா 60,000 ரூபாய், ஆக மொத்தம் 600 பேர். எல்லாப் பிரிவுக் கிறிஸ்தவர்களும் விண்ணப்பிக்கலாம். பயணம் முடித்த பின் தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆகவே முழுச் செலவையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டும். அரசு மானியம் கழித்த விலை என்று எந்த முகவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மானியம் உங்கள் கணக்குக்கு வருவது, அவர் கழித்துக் காட்டும் தொகை அல்ல.

அந்த அறிவிப்பு 2024 நவம்பர் 1க்குப் பின் பயணம் செய்தவர்களுக்கானது, விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2025 பிப்ரவரி 28. ஒவ்வோர் ஆண்டும் புது அறிவிப்பு வருகிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறையின் இணையதளத்தில் அந்த ஆண்டின் தேதிகளைப் பார்த்துவிட்டே பயண மாதத்தை முடிவு செய்யுங்கள்.

இதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. இஸ்ரேல் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. டெல் அவிவில் இறங்கியதும் உங்கள் படத்துடன் சிறிய நீலச் சீட்டு ஒன்றைக் கையில் தருவார்கள். அதுதான் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைந்ததற்கான காகிதம். விரல் நீளமே உள்ள அந்தச் சீட்டைப் பலரும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கடவுச்சீட்டு உறைக்குள் செருகி வையுங்கள், அன்றே கைப்பேசியில் படமும் எடுத்துவிடுங்கள். போகும்போதும் வரும்போதும் விமானத்தில் ஏறும் அட்டையின் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் வைத்திருக்கும் ஏறும் அட்டை பயணம் முடிந்ததும் மறைந்துபோகலாம். விமான நிலையக் கவுன்டரில் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. திருப்பலி நிறைவேற்ற விரும்பினால்

குழுவோடு குருவானவர் வருகிறார் என்றால் சந்திப்பு ஆலயத்திலோ யோவான் ஆலயத்திலோ தமிழில் திருப்பலி வைக்கலாம். போய் நின்று கேட்டால் கிடைக்காது. பிரான்சிஸ்கன் திருப்பயணிகள் அலுவலகத்தில் முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். அலுவலகம் பழைய எருசலேமில் யாப்பா வாசலுக்கு அருகே இருக்கிறது, இணையவழியிலும் பதியலாம். குருவானவர் தம் ஆயர் அல்லது சபைத் தலைவர் வழங்கிய, அவர் திருப்பலி நிறைவேற்றத் தகுதியுள்ள குரு என்று சான்று தரும் செலெப்ரெட் அட்டையைக் கொண்டுவர வேண்டும். திருப்பலி வாசக நூலும் பாடல் தாள்களும் நம்முடையவை. கொடுக்கப்பட்ட நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், அடுத்த குழு வாசலில் நிற்கும்.

6. எருசலேமில் இருந்து ஊருக்குள்

தனியாகப் போகிறவர்களுக்கு மலிவான வழி டிராமும் பஸ்ஸும். நகர மையத்தில் இருந்தோ மத்தியப் பஸ் நிலையத்தில் இருந்தோ சிவப்புத் தட டிராமில் ஏறி ஹெர்ட்ஸல் மலை நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து 28 ஆம் எண் பஸ் சரிவில் இறங்கி ஊருக்குள் போகும். தட எண்களை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் ஏறும் முன் மூவிட் செயலியில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்க முடியாது. ராவ்-காவ் என்ற பயண அட்டையை வாங்கிப் பணம் ஏற்றி வைத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து ஒரு நகரப் பயணத்துக்கு 8 ஷேக்கல். அதே கட்டணத்தில் 90 நிமிடத்துக்குள் டிராமில் இருந்து பஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். ஒரு ஷேக்கலுக்கு எத்தனை ரூபாய் என்று அன்றைய மாற்று விகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

இங்கே வழி தவறுபவர்கள் ஏராளம். எய்ன் கரேம் என்ற பெயரில் ஹதாசா மருத்துவமனையின் பெரிய வளாகம் ஒன்று ஊருக்கு மேற்கே மலைமேல் இருக்கிறது. பல பஸ்களின் நெற்றியில் ‘ஹதாசா எய்ன் கரேம்’ என்று ஓடும். அதில் ஏறினால் மருத்துவமனை வாசலில்தான் இறங்குவீர்கள். டாக்சி ஓட்டுநரிடம் வெறுமனே எய்ன் கரேம் என்று சொன்னாலும் அங்கே கொண்டுபோய்விடக் கூடும். யோவான் ஆலயம் என்றோ மரியாவின் ஊற்று என்றோ சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு: பாலைவனத்து யோவான் மடம் என்பது எவன் சபீர் என்ற ஊருக்கு அருகே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறு இடம். வரைபடத்தில் யோவான் என்று தட்டினால் இரண்டும் வரும். ஊருக்குள்ளேயே கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயமும் அதே புனிதர் பெயரில் இருக்கிறது.

ஹெர்ட்ஸல் மலையில் இருந்து ஊருக்கு நடந்தே இறங்கலாம், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஏறி வருவது கடினம். திரும்புவதற்கு பஸ்ஸை நம்புங்கள். டாக்சியில் ஏறினால் மீட்டர் போடச் சொல்லுங்கள். இரவிலும் ஓய்வுநாளிலும் மீட்டர் கட்டணமே அதிகம்.

7. ஊருக்குள் எந்த வரிசையில் நடப்பது

*முதலில் சந்திப்பு ஆலயம்.* எட்டு மணிக்கெல்லாம் ஊரில் இருங்கள். ஊரின் மையத்தில் இருந்து மரியாவின் ஊற்று வரை சமதரை. ஊற்றில் இருந்து ஆலயத்துக்கு ஏற்றம். கல் பாவிய பாதையும் நீண்ட படிகளும் மாறி மாறி வரும். வாகனம் போகாது. உடல்நலம் உள்ளவருக்குப் பத்து நிமிடம், முழங்கால் வலி உள்ளவருக்கு அரை மணி. காலை வெயில் ஏறும் முன் இதை முடித்துவிடுவது நல்லது. ஒன்பதரைக்குப் பிறகு குழு பஸ்கள் வரத் தொடங்கினால் பாதை முழுக்கக் கூட்டம்.

முற்றத்தில் நுழைந்ததும் மரியாவும் எலிசபெத்தும் எதிரெதிரே நிற்கும் சிலை. இருவர் வயிறும் மேடிட்டிருப்பதைச் சிற்பி ஒளிக்கவில்லை. எதிர்ச் சுவர் முழுக்க மரியாவின் பாடல் பல மொழிகளில் பீங்கான் பலகைகளாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கீழ் ஆலயத்துக்குள் போய்விடுங்கள். உள்ளே ஒரு பழைய கிணறும், சுவர்க்குழிவில் ஒரு பாறையும் இருக்கின்றன. ஏரோதின் வீரர்கள் தேடியபோது குழந்தை யோவானை எலிசபெத் ஒளித்து வைத்த பாறை என்பது மரபு. அதன் முன் இருவர் மட்டுமே வசதியாக நிற்க முடியும். கூட்டம் வந்த பின் அங்கே நின்று செபிக்க இயலாது.

பிறகு மாடிப்படி ஏறி மேல் ஆலயம். கீழ் ஆலயத்தோடு திரும்பிவிடுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருந்தது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பார்லூட்சி வடிவமைத்து 1955இல் முடிந்த மேல் ஆலயம்தான் இங்கே பெரியது, ஒளி நிறைந்தது. சுவர்களில் பெரிய ஓவியங்கள். நிமிர்ந்து பார்க்கக் குறைந்தது இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

*இறங்கும்போது மரியாவின் ஊற்று.* மேலே பழைய சிறு பள்ளிவாசல், அடியில் குகைபோன்ற வளைவுக்குள் தண்ணீர். முகத்தில் தெளித்துக்கொள்ளலாம். குடிக்க வேண்டாம், அது சுத்திகரிக்கப்பட்ட நீர் அல்ல. புட்டியில் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்து நோயாளிக்குப் புகட்டுவது இன்னும் ஆபத்து. நீர் கசியும் இடத்தில் கல் வழுக்கும்.

*பத்தரைக்குள் திருமுழுக்கு யோவான் ஆலயம்.* ஊரின் மையத்திலேயே, உயர்ந்த மணிக்கூண்டுடன் இருக்கிறது. முற்றத்துச் சுவரில் யோவானின் தந்தை செக்கரியாவின் பாடல் பல மொழிகளில். உள்ளே தூண்களின் கீழ்ப்பகுதியை நீலமும் வெள்ளையுமான ஸ்பானிய ஓடுகள் சுற்றியிருக்கும். நீங்கள் தேடிப் போக வேண்டியது பீடத்துக்கு இடப்புறம். ஏழு படி இறங்கினால் ஒரு சிறு குகை. பீடத்தின் அடியில் தரையில் பளிங்கு விண்மீன், நடுவே வட்டத் துளை. ஆண்டவரின் முன்னோடி இங்கே பிறந்தார் என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. அதைத் தொட முழந்தாளிட்டுக் குனிய வேண்டும். முதியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முன்னால் இறங்கி ஒரு கை கொடுங்கள். வெளிச்சத்தில் இருந்து உள்ளே வந்ததும் படி சரியாகத் தெரியாது.

நண்பகலுக்குள் இந்த மூன்றும் முடிந்துவிடும். இரண்டரை மணி வரை ஆலயங்கள் பூட்டியிருக்கும் இடைவெளியில் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

*பிற்பகலில் மடங்கள்.* மலைமேல் தங்கக் குவிமாடங்கள் மின்னும் இடம் கோர்னி எனப்படும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கன்னியர் மடம். 1871இல் தொடங்கியது. உள்ளே அருட்சகோதரிகள் வாழ்கிறார்கள், உழைக்கிறார்கள். இது வேடிக்கை பார்க்கும் இடமல்ல என்ற எண்ணத்தோடு நுழைய வேண்டும். வாசலில் கேட்டு, அனுமதித்தால் மட்டும் போங்கள். அவர்கள் வழிபாட்டு நேரம் என்றால் வற்புறுத்தாதீர்கள். கன்னியரைப் படம் எடுப்பது கூடவே கூடாது. மரங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் சிறு கல் வீடுகளைக் கடந்து ஆலயத்துக்கு ஏற வேண்டும். ஏற்றம் சந்திப்பு ஆலயத்தைவிடக் குறைந்ததல்ல. காலையில் களைத்துப்போனவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

அவர்களுக்குச் சீயோன் அன்னை மடம் பொருத்தம். மணி அடித்துத்தான் உள்ளே போக வேண்டும், சிறு கட்டணம் உண்டு. மடத்தை நிறுவிய அல்போன்ஸ் ரத்திஸ்போனின் கல்லறை தோட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். விருந்தினர் இல்லமும் நடத்துகிறார்கள். எருசலேமில் விடுதிக்குச் செலவழிப்பதற்குப் பதில் ஓர் இரவு இங்கே தங்கினால் காலை எட்டு மணிக்கு ஆலய வாசலில் நீங்கள்தான் முதல் ஆள். வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேட்டால்தான் அறை கிடைக்கும்.

8. உடையும் காலணியும்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் அப்படியே. ரஷ்ய மடத்தில் பெண்கள் பாவாடை அல்லது நீண்ட உடை அணிந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஜீன்ஸ் அணிந்தவரை நிறுத்திவிடுவார்கள். துப்பட்டா ஒன்று பையில் இருந்தால் எல்லா இடத்துக்கும் ஆகும். சேலை கட்டுகிறவர்கள் கணுக்கால் தெரிய சற்று ஏற்றிக் கட்டுங்கள், இறங்கும் படிகளில் கொசுவம் தட்டும். செருப்பு வேண்டாம். அடி பிடிக்கும் ஷூதான் சரி.

மானியக் காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை எருசலேமில் குளிரும் மழையும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். மழை நாளில் அந்தக் கல் பாதை கண்ணாடிபோல வழுக்கும். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கொண்டுபோங்கள். குடையைவிட மழைக்கோட்டு மேல், ஏறும்போது ஒரு கை கம்பியைப் பிடிக்கக் காலியாக இருக்கும்.

சக்கர நாற்காலியில் வருபவரால் சந்திப்பு ஆலயத்துக்கு ஏற முடியாது. தூக்கிக்கொண்டு போக முயல வேண்டாம். யோவான் ஆலய முற்றத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்து அமரச் செய்யுங்கள்.

9. செலவு

இரண்டு பிரான்சிஸ்கன் ஆலயங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. காணிக்கை உங்கள் விருப்பம். வாசலில் யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஊரில் உணவகம் விலை அதிகம், ஓர் ஆளின் சாப்பாடு 60 ஷேக்கலைத் தாண்டிவிடும். எருசலேம் சந்தையில் காலையிலேயே ரொட்டியும் பழமும் வாங்கிப் போய் ஊற்றுக்கு அருகே நிழலில் சாப்பிடலாம். சிறு கட்டணங்களுக்கும் காணிக்கைக்கும் ஷேக்கல் நாணயங்கள் வேண்டும். சென்னையில் ஷேக்கல் கிடைப்பது அரிது. டாலராகக் கொண்டுபோய் யாப்பா வாசல் பக்கம் மாற்றுங்கள், விமான நிலையத்தில் மாற்றினால் நட்டம் அதிகம்.

குழுப் பயணத் தொகை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்தான் வரும். அதோடு ஜிஎஸ்டியும், டிசிஎஸ் எனப்படும் வரிப் பிடித்தமும் உண்டு. டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதற்கு முகவரிடம் உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாத முதியவர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அது அவர்கள் பணம்.

10. திரும்பி வந்ததும்

பெட்டியைப் பிரிக்கும் முன் காகிதங்களைப் பிரியுங்கள். கடவுச்சீட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், இந்தியாவை விட்டுப் போன முத்திரையும் திரும்பிய முத்திரையும் உள்ள பக்கம், விசா நகல், நீலச் சீட்டு, ஏறும் அட்டைத் துண்டுகள், முகவரின் ரசீது, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், திருமுழுக்குச் சான்று. எல்லாவற்றையும் இரண்டு படி எடுத்து, ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தைத் துறையின் இணையதளத்தில் இருந்து எடுத்து நிரப்பி, அந்த ஆண்டின் அறிவிப்பு கேட்கும் இணைப்புகளோடு சென்னை சேப்பாக்கம் கலச மஹாலில் உள்ள சிறுபான்மையினர் நல ஆணையருக்கு அனுப்ப வேண்டும். உறையின் மேல் ஜெருசலேம் புனிதப் பயணத்துக்கான மானியம் கோரும் விண்ணப்பம் என்றும் ஆண்டையும் எழுதுங்கள். பதிவு அஞ்சலிலோ விரைவு அஞ்சலிலோ அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் என்பது விண்ணப்பம் அங்கே போய்ச் சேர வேண்டிய நாள் என்றே கணக்கு வைத்து, ஒரு வாரம் முன்பே அஞ்சலில் சேர்த்துவிடுங்கள். பிப்ரவரி கடைசியில் பயணம் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காது. ஜனவரிக்குள் திரும்பி வருமாறு நாளைப் பாருங்கள்.

கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் எழுதும்போது, உங்கள் வங்கி வேறொன்றுடன் இணைக்கப்பட்டிருந்தால் புதிய குறியீட்டை வங்கிக் கிளையில் கேட்டு எழுதுங்கள். பழைய புத்தகத்தில் அச்சாகியிருக்கும் குறியீட்டை அப்படியே எழுதினால் தொகை திரும்பிப் போய்விடும்.